புதன்கிழமை வட்டம்

மார்ச் 21, வெள்ளி

சாருமதியை நேற்று பள்ளிக்கூடத்திலிருந்து அனுப்பிவிட்டார்கள். ஒன்பது வருடம் உயிரியல் சொல்லிக்கொடுத்தவள். மூன்றாவது பீரியடில் ஆள் விட்டுக் கூப்பிட்டு, "நீங்களே எழுதிக் குடுத்துட்டுப் போயிடுங்க, அதுதான் உங்களுக்கு மரியாதை" என்றார்களாம். மேசைமேல் அவள் படத்தைப் பெரிதாக அச்செடுத்து வைத்திருந்தார்களாம்.

படம் போன பௌர்ணமி அன்று வடவள்ளியில் டெல்ஃபின் அக்கா வீட்டுப் பின்கட்டில் எடுத்தது. தரையில் கோலமாவால் போட்ட நட்சத்திரம், சுற்றிலும் மெழுகுவத்திகள். நடுவில் சாருமதி முடியை விரித்துப் போட்டுக்கொண்டு, கறுப்புப் பிடி போட்ட கத்தியை வானத்தைப் பார்த்து உயர்த்தியபடி நிற்கிறாள். பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் யாரோ இதைப் போட்டு, 'நம்ம பிள்ளைங்களுக்குப் பாடம் நடத்துற டீச்சர் பௌர்ணமிக்கு என்ன பண்றாங்க பாருங்க. இது சூனியம் இல்லாம வேற என்ன?' என்று எழுதியிருக்கிறார்கள்.

சூனியமும் இல்லை, ஒன்றும் இல்லை. விக்கா என்று மேற்கே ஒரு வழிபாடு. நிலா, நெருப்பு, காற்று, தண்ணீர், மண் இவற்றைத்தான் கும்பிடுகிறோம். டெல்ஃபின் அக்கா இங்கிலாந்தில் எட்டு வருடம் நர்ஸாக இருந்தபோது கற்றுக்கொண்டு வந்தார். இப்போது வடவள்ளியில் செடிப் பண்ணை வைத்திருக்கிறார். அவர், நான், சாருமதி, இலக்கியா என நாலே பேர் கொண்ட வட்டம். யாருக்கும் தீங்கு நினைக்கக் கூடாது என்பதுதான் முதல் விதி. அந்தக் கத்தி ஒரு எலுமிச்சம்பழத்தைக்கூட வெட்டியதில்லை.

அன்றுதான் முதல்முறையாக அக்கா, வட்டத்தை நடத்துபவர் பிடிக்கும் அந்தக் கத்தியைச் சாருமதியிடம் கொடுத்தார். நான் வட்டத்துக்கு வர ஆரம்பித்து ஐந்து வருடம். அவள் வந்து இரண்டு. அதனால் என்ன? யார் கையில் இருந்தாலும் கத்தி கத்திதான்.

படங்களை எடுத்தது இலக்கியா. மொத்தம் பதினொன்று. எங்கள் நால்வர் குழுவில் மட்டும் போட்டாள். ஆக, நாலு போனைத் தவிர வேறெங்கும் அது இருக்க வழியில்லை.

யார் வெளியே விட்டது என்று தெரிந்தாக வேண்டும். விடப்போவதில்லை.

மார்ச் 22, சனி

என் பிசியோதெரபி கிளினிக்கில் ஏழு பேர். கவுண்டம்பாளையம் மில் மேஸ்திரிக்குத் தோள்பட்டை இறுகல், கை காதுவரைகூட ஏறவில்லை. பிடித்து உயர்த்தினேன், கத்தினார். இன்னும் பதினைந்து நாள் கத்துவார், அதற்குப் பிறகு தானாகவே தூக்குவார்.

பூங்கொடி இரண்டு முறை போன் செய்தாள். என் நாத்தனார். எடுக்கவில்லை. கையில் ஆள் இருக்கும்போது போன் எடுக்க முடியுமா?

மார்ச் 23, ஞாயிறு

வடவள்ளிக்குப் போனேன். நாலு பேரும் இருந்தோம். சாருமதி பிரம்பு மோடாவில் உட்கார்ந்து, கையில் இருந்த டீயை ஆறவிட்டுக்கொண்டிருந்தாள். வெய்யிலில் நின்றவள்போல முகம் வாடிக் கிடந்தது.

"போட்டோ எடுத்தது நான், அவ்வளவுதானுங்க்கா. நான் வெளிய எங்கயும் போடல" என்றாள் இலக்கியா.

"ஸ்டேட்டஸ் வெச்சியே" என்றாள் சாருமதி.

"அது மெழுகுவத்தி மட்டும் இருக்கற போட்டோங்க்கா! ஒருத்தர் மூஞ்சியும் இல்ல அதுல!"

"எப்பப் பாரு அந்தப் போனு. உன் போன்ல இருந்துதான் வந்துச்சுன்னு எனக்குத் தெரியும். யாருக்குக் காட்டினே?"

இலக்கியாவுக்கு இருபத்தேழு வயது. தாராபுரத்துப் பெண், சரவணம்பட்டியில் ஹாஸ்டலில் தங்கி ஐடி கம்பெனிக்குப் போகிறாள். கண் நிறைந்தது, ஆனால் அழவில்லை. என்னைப் பார்த்தாள். நான் டீ டம்ளர்களை எடுத்து அடுக்கினேன்.

டெல்ஃபின் அக்காதான் கடைசியில் வாய் திறந்தார். "இப்படிக் கத்தினா ஒண்ணும் வராது. பேச்சுக்குன்னே ஒரு வட்டம் இருக்கு. கல்லைக் கையில வாங்கினவங்க மட்டும் பேசணும். மூணு சுத்து. முதல்ல நடந்தது என்ன, ரெண்டாவது மனசுல என்ன இருந்துச்சு, மூணாவது நான் என்ன செஞ்சேன். வெளிய போறப்போ யாருக்குள்ளயும் ஒண்ணும் மிச்சம் இருக்கக் கூடாது. புதன் பேச்சுக்கான கிரகம், அதனால புதன்கிழமை பண்ணுவோம்."

"கண்டிப்பா பண்ணணும். உண்மை வெளிய வந்தே ஆகணும்" என்றேன் நான்.

ஏற்பாட்டை என்னிடமே விட்டார். அடுத்த புதன் சாருமதி ஊரில் இல்லை, அதற்கடுத்தது இலக்கியாவுக்கு வேலை. ஏப்ரல் 9, காலை ஆறு மணி என்று முடிவானது.

மார்ச் 25, செவ்வாய்

வாங்க வேண்டியவை: மஞ்சள் மெழுகுவத்தி நாலு, நீலம் ஒன்று, கல்லுப்பு, சாம்பிராணி. புது விளக்குமாறு. வட்டம் போடும் முன் இடத்தைக் கூட்ட வேண்டும், அதற்கென்று தனியாக ஒன்று இருப்பது நல்லது. கையில் பிடிக்கும் கல்லுக்குப் பேரூர் போகும்போது நொய்யல் ஆற்றில் பார்க்கலாம்.

மார்ச் 27, வியாழன்

போனில் இடமே இல்லை. பழைய செய்திகளை எல்லாம் உட்கார்ந்து அழித்தேன். மின்வாரியம், வங்கி, ஓடிபி. பூங்கொடியுடன் பேசியது முழுவதும். அதில் வெறும் காலை வணக்கப் படங்கள்தான்.

மார்ச் 30, ஞாயிறு

துடியலூரில் சாருமதி வீட்டுக்குப் போனேன். பள்ளிக்கூடம் அனுபவச் சான்றிதழ் தரமாட்டேன் என்கிறதாம். அது இல்லாமல் வேறெந்தப் பள்ளியிலும் ஜூனுக்குச் சேர முடியாது. இரண்டு இடத்தில் கேட்டுப் பார்த்திருக்கிறாள். ஒரு இடத்தில் அந்தப் படம் ஏற்கெனவே போய்ச் சேர்ந்திருந்தது.

அவள் கணவர் நல்ல மனிதர். அவரே இப்போது முகம் கொடுத்துப் பேசுவதில்லையாம்.

"ரேணுக்கா, எனக்கு வேலை போனதுகூடப் பரவால்ல. ஏழாவது படிக்கிற பிள்ளைங்க ரோட்ல பார்த்துட்டு அந்தப் பக்கம் ஓடுதுங்க. நேத்து வரைக்கும் மிஸ் மிஸ்னு காலைச் சுத்துனதுங்க" என்றாள்.

கழுத்து கல்லாட்டம் இறுகிக் கிடந்தது. கால் மணி நேரம் நீவிவிட்டேன். "உங்க கை பட்டா போதும்ங்க்கா" என்று கண்ணை மூடிக்கொண்டாள்.

வீட்டுக்கு வந்து சாப்பிடவில்லை. பசியில்லை.

ஏப்ரல் 1, செவ்வாய்

எழுத ஒன்றும் இல்லை.

ஏப்ரல் 4, வெள்ளி

மதியம் இரண்டு பேர் வரவில்லை. கிடைத்த நேரத்தில் சரவணம்பட்டிக்குப் போய் இலக்கியாவைப் பார்த்தேன். ஹாஸ்டல் வாசலில் ஜூஸ் கடை பெஞ்சில் உட்கார்ந்தோம்.

வட்டத்துக்கு முன்பே மனதைத் தயார் பண்ணிக்கொள்ளட்டும் என்றுதான் போனேன். வேறெதற்கும் இல்லை.

"தெரியாமக்கூட நடந்திருக்கலாம் இலக்கியா. ரூம்ல யாராவது உன் போனைப் பார்த்திருக்கலாம். அப்படி ஏதாவது இருந்தா ஒத்துக்கோ. சொல்லிட்டா லேசாயிடும். நாங்க யாரும் உன்னை விட்டுட மாட்டோம்" என்றேன்.

அவள் ஸ்டிராவைத் திருகிக்கொண்டே இருந்தாள். "நீங்களும் நான்தான்னு நெனைக்கறீங்களா?"

"நான் அப்படிச் சொல்லல."

"என் ரூம்ல இருக்கற பொண்ணுங்க ரெண்டு பேரையும் ஒக்கார வெச்சு விசாரிச்சுப்போட்டேனுங்க்கா. இப்ப அவங்களும் என்கூடப் பேசறதில்ல. ராத்திரி பூராவும் யோசிக்கறேன், நானே தூக்கத்துல அனுப்பிப்போட்டனான்னு. பைத்தியம் புடிச்சுக்குமாட்ட இருக்குது."

பஸ்ஸில் நின்றுகொண்டே வந்தேன். உட்கார இடம் இருந்தது.

ஏப்ரல் 6, ஞாயிறு

பேரூரில் கல் கிடைத்தது. உள்ளங்கைக்கு அடங்கும், சாம்பல் நிறம். ஆற்றில் தண்ணீர் இல்லை, மணலில் நடந்துதான் எடுத்தேன்.

பூங்கொடி வீட்டுக்கே வந்துவிட்டாள். கிளினிக் இருக்கும் முன்னறையும் சேர்த்து இந்த வீட்டில் பாதி அவளுடையது, சாவியும் அவளிடம் இருக்கிறது. "என்னங் நங்கையா, போனை எடுக்கறதே இல்லீங்க?" என்றாள். அவளுக்கு அண்ணி என்றால் நங்கையாதான். தலைவலி என்றேன். "அந்த டீச்சரம்மாவ நிறுத்திப்போட்டாங்களாமா?" என்றாள். குரலில் சந்தோஷம் இல்லை, பயம்தான் இருந்தது. தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த நோயாளியைக் கூப்பிட்டேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

ஆளுக்கொரு நோட்டு வைத்துக்கொள்ளச் சொன்னது டெல்ஃபின் அக்காதான். யாரும் படிக்கமாட்டார்கள், அதனால் அதில் பொய் எழுதத் தேவையில்லை என்பார். இன்று முதல் பக்கத்திலிருந்து திருப்பிப் பார்த்தேன். ஒரு பொய்கூட இல்லை. எழுதாமல் விட்டிருக்கிறேன்.

எழுதுகிறேன்.

படத்தை அனுப்பியது நான்.

மார்ச் 15, சனி, காலை பத்து மணி இருக்கும். பூங்கொடி அதற்கு முந்தின வாரம் பெரியம்மா வீட்டு விசேஷத்தில் நாலு பேர் முன்னால், "பௌர்ணமியானாப் போதும், நங்கையா எங்கயோ கிளம்பிப் போயிடறாங்க" என்று சொல்லியிருந்தாள். என் கணவர் இறந்து ஆறு வருடம் ஆகிறது. பூ வைத்தால் பேச்சு, வைக்காவிட்டால் அதற்கொரு பேச்சு. என்னுடையது என்று எனக்கு இருந்தது அந்த வட்டம் ஒன்றுதான். அதிலும் கை வைத்தாள். 'பாத்துக்கோ, பொம்பளைங்க நாலு பேர்தான் சேர்ந்து சாமி கும்பிடறோம்' என்று எழுதி, அந்தப் படத்தை அனுப்பினேன். முதலில் கைக்குக் கிடைத்தது அதுதான்.

பூங்கொடியின் மகள் கனிஷ்கா சாருமதியின் பள்ளியில் படிக்கிறாள்.

சாருமதியை அனுப்பிய அன்று சாயங்காலமே படம் எங்கிருந்து போனது என்று எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று வாரம். அந்தப் பெண் ஜூஸ் கடையில் உட்கார்ந்து தூக்கத்தில் அனுப்பியிருப்பேனோ என்று கேட்டாள். நான் லேசாயிடும் என்றேன்.

நாளைக்குச் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் 9, புதன்

நடந்ததை நடந்தபடி எழுத வேண்டும்.

ஐந்தே முக்காலுக்குப் போய்ச் சேர்ந்தேன். மருதமலை மேல் இன்னும் வெளிச்சம் வரவில்லை. செடிப் பைகளை ஓரமாக ஒதுக்கி, சிமெண்ட் தரையை நானே கூட்டினேன். அக்கா உப்புத் தண்ணீர் தெளித்தார். சாம்பிராணி போட்டோம். கிழக்கே காற்று, தெற்கே நெருப்பு, மேற்கே தண்ணீர், வடக்கே மண் என்று ஒவ்வொரு திசையையும் கும்பிட்டு மஞ்சள் மெழுகுவத்தி ஏற்றினோம். நடுவில் நீலம். அக்கா கத்தியால் காற்றில் ஒரு சுற்று வரைந்து வட்டத்தை மூடினார்.

"கல்லு கையில இருக்கறவங்க மட்டும் பேசணும். 'நீ'ன்னு ஆரம்பிக்கக் கூடாது, 'நான்'னுதான் ஆரம்பிக்கணும். கேள்வி, பதில் கிடையாது. இங்க கேட்ட அடுத்தவங்க பேச்சை வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாது" என்றார். கல்லை எனக்கு வலப்பக்கம் இருந்த சாருமதியிடம் கொடுத்தார். ஒவ்வொரு சுற்றிலும் நான்தான் கடைசி.

முதல் சுற்று, நடந்தது. சாருமதி பள்ளிக்கூடத்தில் நடந்ததைச் சொன்னாள். அக்கா, "கத்தியை வெச்சு போட்டோ எடுக்க விட்டது என் தப்பு" என்றார். இலக்கியா, "நான் பதினோரு போட்டோ எடுத்தேன். குரூப்ல போட்டேன். எனக்குத் தெரிஞ்சு வேற யாருக்கும் அனுப்பல" என்றாள்.

கல் என் கைக்கு வந்தது. சூடாக இருந்தது, மூன்று பேர் பிடித்த சூடு.

"மார்ச் பதினஞ்சாம் தேதி, என் நாத்தனாருக்கு அந்தப் படத்தை நான் அனுப்பினேன். அவ பொண்ணு அந்த ஸ்கூல்ல படிக்கிறா. அங்கிருந்துதான் போச்சு" என்றேன்.

பதில் பேசக் கூடாது என்பது விதி. அந்த விதியை அப்போது நான் வெறுத்தேன். யாராவது என்னை அடித்திருந்தால்கூடத் தேவலாம் என்று இருந்தது. பண்ணைக்கு வெளியே பால் வண்டி போனது.

இரண்டாவது சுற்று, மனதில் இருந்தது. சாருமதி கல்லை வாங்கினாள்.

"நான் ரேணுக்காவை எங்கக்காவை விட மேலா வெச்சிருந்தேன். என் கழுத்தைப் புடிச்சுவிட்டாங்க போன வாரம்" என்று தொடங்கி நிறுத்தினாள். பிறகு, "நான் ஒண்ணு யோசிக்கிறேன். பதினோரு படம் இருந்துச்சு. அதுல மூணு, நாங்க நாலு பேரும் சிரிச்சுட்டு நிக்கிற செல்ஃபி. பொம்பளைங்க நாலு பேர்தான்னு காட்டணும்னா அதை அனுப்பியிருக்கலாம். இந்தப் படத்துல நான் மட்டும்தான் இருக்கேன்."

கேள்வி கேட்கக் கூடாது என்பதால் அவள் கேட்கவில்லை. கல்லை அடுத்தவரிடம் கொடுத்துவிட்டாள்.

அக்கா பேசியது எனக்குக் காதில் விழவில்லை. இலக்கியா முறை வந்தது. கல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"நான் மூணு வாரமாத் தூங்கல. நான் என்னையே நம்பல. வெள்ளிக்கிழமை என்னை ஒத்துக்கச் சொல்லி ஜூஸ் வாங்கிக் குடுத்தாங்க. நான் அந்த ஜூஸைக் குடிச்சேன்." கல்லைக் கீழே வைத்தாள். "என்னால இங்க நிக்க முடியலீங்க்கா. நான் போறேன்."

வட்டம் மூடியிருக்கும்போது அப்படியே தாண்டிப் போகக் கூடாது. டெல்ஃபின் அக்கா எழுந்து, வடகிழக்குப் பக்கமாகக் கத்தியால் காற்றில் கதவு மாதிரி ஒரு கோடு கிழித்துத் திறந்துவிட்டார். இலக்கியா அதன் வழியாக வெளியே போய், செருப்பை மாட்டிக்கொண்டு, கேட்டைச் சாத்திவிட்டுப் போனாள். அக்கா மறுபடி கோட்டை மூடினார். எனக்கும் எழுந்து ஓட வேண்டும்போல் இருந்தது. கேட்டிருந்தால் எனக்கும் திறந்துவிட்டிருப்பார். கேட்கக் கூடாது என்று பல்லைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். இன்று என்னால் முடிந்த பெரிய காரியம் அதுதான்.

கீழே கிடந்த கல்லை எடுத்தேன்.

"அன்னைக்குக் கத்தி என் கைக்கு வரும்னு நெனச்சேன். ஐஞ்சு வருஷமா வந்துட்டு இருக்கேன். வரல. வயித்தெரிச்சலா இருந்துச்சு. மத்த படத்தையும் பார்த்தேன். பார்த்துட்டு இதைத்தான் எடுத்தேன். பூங்கொடி இதைப் பார்த்து நாலு பேச்சு பேசுவா, பேசட்டும்னு இருந்துச்சு. வேலை போகும்னு நெனைக்கல. ஆனா ஏதோ ஒண்ணு ஆகட்டும்னு நெனச்சேன்."

மூன்றாவது சுற்றில் அவரவர் செய்ததைச் சொன்னோம். என் முறையில் செய்ததோடு செய்யப்போவதையும் சொன்னேன். "நானே ஸ்கூலுக்கு வந்து யார் அனுப்பினது, என்ன கும்பிடறோம்னு எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தர்றேன். வெளிய எடுத்துட்டுப் போகக் கூடாதுன்னா, அது அடுத்தவங்களோடதுக்குத்தானே. இது என்னோடது."

முறைப்படி பன்னும் பானகமும் பகிர்ந்துகொண்டு வட்டத்தைக் கலைத்தோம். சாருமதி பன்னைத் தொட்டுவிட்டு வைத்தாள்.

எட்டரைக்குக் கிளினிக் திறந்தேன். மேஸ்திரி கை கண் உயரம்வரை வந்திருக்கிறது.

ஏப்ரல் 12, சனி

ஹாஸ்டலுக்குப் போனேன். இலக்கியா கீழே இறங்கி வந்தாள், உட்காரவில்லை.

"சாருக்கா மன்னிச்சுக்கோன்னு மெசேஜ் போட்டுட்டாங்க, அது எனக்குப் போதும். உங்களுக்கு என்ன சொல்றதுன்னு தெரியலீங்க்கா. நீங்க தப்புப் பண்ணுனதுகூடப் புரியுது. பண்ணிப்போட்டு என் மூஞ்சியப் பார்த்து ஆறுதல் சொன்னீங்க பாருங்க, அதுதான்."

"நீ ஒண்ணும் சொல்ல வேண்டாம். மன்னிப்புக் கேட்டுட்டுப் போகத்தான் வந்தேன்."

"கேட்டுட்டீங்க" என்றாள். மாடிக்குப் போய்விட்டாள்.

ஏப்ரல் 16, புதன்

பூங்கொடி வீட்டுக்குப் போனேன். என்கூடப் பள்ளிக்கு வந்து, அந்தச் செய்தியை எழுதியது அவள்தான் என்றும், விசாரிக்காமல் எழுதிவிட்டதாகவும் சொல்ல வேண்டும் என்று கேட்டேன்.

"என்னைக் கேசு கீசுன்னு இழுத்துப்போடாதீங்க. நானா உங்க கையப் புடிச்சு அனுப்பச் சொன்னேன்? பார்த்தேன், பயமா இருந்துச்சு, எழுதிப்போட்டேன். பெத்தவளுக்குப் பயம் வராதுங்களா? அன்னைக்கே உங்களை ஒரு வார்த்தை கேட்டனே. 'கத்தி வெச்சிருக்கறது கனிஷ்காவோட சயின்ஸ் மிஸ்ஸாட்ட இருக்குதுங்களே'ன்னு. நீங்கதான 'ஆமா'ன்னு போட்டீங்க?"

ஆமாம். போட்டேன். அழித்த செய்திகளில் அதுவும் இருந்தது.

இதை நான் வட்டத்திலும் சொல்லவில்லை. இந்த நோட்டில்கூட எழுதவில்லை. அடியில் இன்னும் ஒன்று இருந்திருக்கிறது. அது அவள் வாயிலிருந்து வர வேண்டியிருந்தது.

"ஸ்கூல்ல போய்ப் பேசிப்போட்டு நாளைக்கு இந்த வீட்டுப் பக்கம் வராதீங்க" என்றாள். சரி என்றேன். "கிளினிக்கையும் வேற பக்கம் பாத்துக்கோங்க." அதற்கும் சரி என்றேன். அவள்தான் திகைத்துப்போனாள்.

ஏப்ரல் 21, திங்கள்

சாருமதியும் நானும் பள்ளிக்குப் போனோம். அவளாக என்னைக் கூப்பிடவில்லை. டெல்ஃபின் அக்கா நேரத்தைச் சொன்னார், நான் போய் வாசலில் நின்றேன்.

உள்ளே போகும் முன் அவளை நிறுத்தி அந்த 'ஆமா'வைச் சொன்னேன். தாளாளர் அறையில் கேட்பதற்கு முன்னால் என் வாயால் கேட்க வேண்டும் அல்லவா. அவள் சுவரில் ஒட்டியிருந்த தேர்வு அட்டவணையைப் பார்த்தபடி கேட்டாள். "இன்னும் ஏதாவது இருக்கா?" என்றாள்.

"இல்ல. இதுக்கு அடியில வேற ஒண்ணும் இல்ல."

"சரி, வாங்க" என்றாள்.

தாளாளர் வயதானவர், குரல் உயர்த்தாத ஆள். நான் எழுதிக் கொண்டுபோனதை இரண்டு முறை படித்தார். "நீங்க யாரும்மா இவங்களுக்கு?" என்று கேட்டார்.

"படத்தை அனுப்பினவ."

"அதான் எழுதியிருக்கீங்களே. சொந்தமா, சிநேகிதமா?"

நான் சாருமதியைப் பார்த்தேன். அவள் மேசைமேல் இருந்த தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

சூனியமா என்று நேராகவே கேட்டார். இல்லை என்று சொல்லி, என்ன கும்பிடுகிறோம், கத்தி எதற்கு என்று விளக்கினேன். "எனக்குப் புரியல. ஆனா பிள்ளைங்ககிட்ட இவங்க ஒரு வார்த்தை இதைப் பத்திப் பேசினதா யாரும் சொல்லல, அதையும் ஒத்துக்கறேன். ஆனாலும் வேலைக்குத் திரும்ப எடுத்துக்க முடியாதும்மா. பேரன்ட்ஸ் ஒத்துக்க மாட்டாங்க" என்றார்.

"வேலை கேட்டு வரலைங்க சார். ஒன்பது வருஷம் இங்க ஒழுங்காப் பாடம் நடத்தினேன்னு எழுதிக் குடுங்க" என்றாள் சாருமதி.

"அந்தக் குரூப்லயும் ஒரு வரி போடுங்க சார். மூஞ்சியப் பார்த்து ஓடற பிள்ளைங்க அதை வீட்ல கேட்கணும்" என்றேன்.

பார்க்கலாம் என்றார். நான் எழுந்திருக்கவில்லை. மணி பதினொன்றரை. வெளியே ஆட்கள் காத்திருந்தார்கள். கிளர்க் இரண்டு முறை எட்டிப் பார்த்தார். பன்னிரண்டு இருபதுக்குச் சான்றிதழ் தட்டச்சாகி முத்திரையோடு வந்தது. குழுவில் போட வேண்டிய வரியை அவர் சொல்லச் சொல்ல கிளர்க் எழுதிக்கொண்டார்: 'உயிரியல் ஆசிரியை குறித்துப் பரவிய செய்தி தவறானது. மாணவர்கள் தொடர்பாக அவர்மேல் எந்தப் புகாரும் இல்லை.' அனுப்பியதைக் கண்ணால் பார்த்த பிறகுதான் எழுந்தேன்.

வாசலில் சாருமதி, "பஸ்ஸா, வண்டியா?" என்று கேட்டாள்.

"பஸ்."

"நான் வண்டில வந்தேன்" என்றாள். ஏறிக்கொள்ளச் சொல்லவில்லை. ஆனால் நான் ரோட்டைத் தாண்டி அந்தப் பக்கம் போகும்வரை வண்டியைக் கிளப்பாமல் நின்றிருந்தாள்.

ஏப்ரல் 29, செவ்வாய்

இடையர்பாளையத்தில் மாடியில் ஓர் அறை கிடைத்திருக்கிறது. முட்டி வலிக்காரர்கள் எப்படிப் படி ஏறுவார்கள்? வீட்டுக்காரரிடம் கீழே இருக்கும் ஷெட்டைக் கேட்க வேண்டும். தரமாட்டேன் என்கிறார். நாளைக்கும் போய்க் கேட்பேன்.

மே 3, சனி

ஷெட் கிடைத்தது.

சாருமதிக்குப் பொள்ளாச்சியில் வேலை, ஜூன் இரண்டாம் தேதியிலிருந்து. டெல்ஃபின் அக்கா சொன்னார்.

மே 12, திங்கள்

பௌர்ணமி. அக்கா, "வர்றதுன்னா வா. மத்தவங்ககிட்ட நான் எதுவும் கேட்டு வைக்கல" என்று மட்டும் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்துவிடலாம் என்று மதியம்வரை நினைத்தேன். அது வெட்கம் இல்லை, சோம்பல். கிளம்பினேன்.

ஆறு மணிக்கு வடவள்ளி. வானத்தில் இன்னும் வெளிச்சம் இருந்தது. சாருமதி ஏற்கெனவே வந்து தரை கூட்டிக்கொண்டிருந்தாள். தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு மீண்டும் கூட்டினாள். நான் செடிப் பைகளை ஒதுக்கினேன். கால் மணி நேரம் கழித்து கேட் சத்தம் கேட்டது. இலக்கியா.

போனைப் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்து மூடி, வாசலிலேயே வைத்துவிட்டு வந்தாள். யாரும் சொல்லவில்லை, அவளாகவே செய்தாள்.

"நான் வட்டத்துல நிப்பேனுங்க்கா. ஆனா அவங்க பக்கத்துல நிக்க மாட்டேன்" என்று டெல்ஃபின் அக்காவிடம் சொன்னாள், என் காதில் விழும்படியே.

"சரி. உனக்கு எங்க தோணுதோ அங்க நில்லு" என்றார் அக்கா.

அவள் இடத்தைப் பார்த்தாள். ஒரு பக்கம் அக்கா, இன்னொரு பக்கம் சாருமதி, நடுவில் அவள். அப்படி நின்ற பிறகுதான் அவளுக்கும் தெரிந்தது, எனக்கும் தெரிந்தது. நாலு பேர் வட்டத்தில் ஒருவர் பக்கத்தில் நிற்கமாட்டேன் என்றால் நேர் எதிரேதான் நிற்க வேண்டும்.

கை கோக்கச் சொன்னார் அக்கா. என் இடது கையை அவர் பிடித்துக்கொண்டார். வலது பக்கம் சாருமதி. அவளும் கையை நீட்டினாள், முழுதாக அல்ல, இரண்டு விரல். அதைப் பிடித்துக்கொண்டேன்.

மரங்களுக்கு மேலே நிலா வந்தது. எல்லோரும் அண்ணாந்து பார்த்தார்கள், நானும் பார்த்தேன். குனிந்தபோது இலக்கியா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமா, வேறெதுவுமா, சொல்லத் தெரியவில்லை. வழக்கமாக நான் அந்த மாதிரி நேரத்தில் டம்ளரை எடுத்து அடுக்குவேன். கை இரண்டும் பிடிபட்டிருந்தது.

கண்ணை எடுக்காமல் நின்றேன். அவளும் எடுக்கவில்லை.